இரண்டாவது அளவு எங்கே?

நிலத்தை அளந்து முடித்துவிட்டு ஒருவர் உங்களிடம் ஒரு எண்ணைச் சொன்னால், அதைச் சரிபார்த்த இன்னொரு எண் எது என்று கேளுங்கள். சர்வேயில் அடிப்படை என்று நான் நினைப்பது இதைத்தான். சங்கிலி போய் டேப் வந்தது, கோணம் பார்க்கும் தியோடலைட் போய், கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் வந்தது, இப்போது செயற்கைக்கோளை வைத்து இடம் சொல்லும் ஜிபிஎஸ் ரோவரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் நடக்கிறார்கள். கருவி எதுவானாலும், தனியாக நிற்கும் ஒரு அளவை நம்பி அஸ்திவாரம் தோண்டக் கூடாது. சிவில் படிக்கிறவர்கள் இதைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு சைட்டில் மறந்துவிடுகிறார்கள். வீடு கட்டுகிற மக்களுக்கோ இதை யாரும் சொல்வதே இல்லை. இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சாதாரண வீட்டுமனையிலிருந்து ஆரம்பிக்கலாம். ரோட்டுப் பக்கம் 30 அடி, உள்ளே 40 அடி. மேஸ்திரி டேப்பைப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து, "சார், எல்லாம் கரெக்டா இருக்கு" என்கிறார். நான்கு பக்கமும் உண்மையிலேயே சரியாகத்தான் இருக்கும். ஆனால் மனை சதுரிப்பாக, அதாவது மூலைகள் செங்கோணமாக, இருக்கிறதா என்பதை அந்த நான்கு அளவும் சொல்லாது. மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் 50 அடி வர வேண்டும். ஒன்று 48 அடியும் மற்றது கிட்டத்தட்ட 51 அடி 11 அங்குலமும் வந்தால் மனை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பரப்பில் இது தெரியவே தெரியாது. 1200 சதுர அடியில் குறைவது வெறும் 4 சதுர அடி. பத்திரத்தில் இருக்கிற பரப்பும் ஒத்துப்போகிறது, பக்க அளவும் ஒத்துப்போகிறது, ஆனால் பின்பக்க மூலை மூன்றேகால் அடி நகர்ந்து நிற்கிறது. பிளானில் நேர் செவ்வகமாக வரைந்த வீட்டை அங்கே வைத்தால் ஒரு பக்கச் சந்து குறுகிப்போகும், இல்லையென்றால் சுவர் பக்கத்து மனைக்குள் போகும். மூலைவிட்டத்தை அளக்க இரண்டு நிமிடம் ஆகுமா? அந்த இரண்டு நிமிடம்தான் நான் சொல்லும் இரண்டாவது அளவு.

அதே டேப்பால் அதே கோட்டைத் திரும்ப அளப்பது இரண்டாவது அளவு ஆகாது, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். படிக்கும்போது தவறி 9-ஐ 6 என்று எழுதினால் இரண்டாவது முறை அளக்கும்போது மாட்டிக்கொள்ளும், அது எளிது. ஆனால் டேப்பே இழுத்து இழுத்து நீண்டுபோயிருந்தால் பத்து முறை அளந்தாலும் பத்து முறையும் ஒரே தவறான விடைதான் வரும், அது ஒத்துப்போவதைப் பார்த்து நமக்கு நம்பிக்கை வேறு கூடிவிடும். சரிவான இடத்தில் டேப்பைத் தரையோடு தரையாகப் போட்டு அளப்பதும் இப்படித்தான். ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ 30 மீட்டருக்கு 3 மீட்டர் இறங்குகிற மனையை அப்படி அளந்தால், கிடைமட்டத்தில் 29.85 மீட்டர் இருக்கிற இடத்தை 30 என்று எழுதுவீர்கள். பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாவற்றிலும் இருப்பது கிடைமட்ட அளவு. அங்கே டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும். வெயிலும் உண்டு: 20 டிகிரியில் சரியாக இருக்கும்படி செய்த 30 மீட்டர் எஃகு டேப் 40 டிகிரியில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும். வீட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை, பாலத்தின் தூண்களுக்கு இடையே அளக்கும்போது பொருட்டுதான். ஆக இரண்டாவது அளவு வேறு வழியாக வர வேண்டும். வேறு டேப், வேறு புள்ளி, வேறு கோணம், எதுவோ ஒன்று மாற வேண்டும்.

பாடப்புத்தகத்தில் முதல் விதியாக ஒன்று போட்டிருப்பார்கள்: முழுமையிலிருந்து பகுதிக்குப் போ, பகுதியிலிருந்து முழுமைக்குப் போகாதே. படிக்கும்போது இது தத்துவம் மாதிரி இருக்கும். இதன் அர்த்தம் எனக்கு ஒரு மனைப்பிரிவில்தான் முழுதாக உறைத்தது. அங்கே ஒரு தெருவில் வரிசையாக வீடு கட்டியவர்கள் எல்லோரும், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் வெளிப்பக்கத்தில் டேப்பை வைத்துத் தங்கள் மனையை அளந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஓரிரு அங்குலம்தான் தள்ளிப் போனார்கள், அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. தெருவின் கடைசி மனைக்காரர் கட்ட வந்தபோது அவர் மனையில் ஓர் அடிக்கு மேல் காணோம். யாரிடம் போய்க் கேட்பது? எல்லோரிடமும் "என் மனை சரியான அளவுதான்" என்ற பதில் இருந்தது. அது உண்மையும்கூட. முதலில் தெருவின் இரண்டு கோடியையும் கல் போட்டு உறுதி செய்து, மொத்த நீளத்தை அளந்து, அதற்குள் மனைகளைப் பிரித்திருந்தால் எந்தத் தவறும் அந்த இரண்டு கல்லைத் தாண்டிப் போயிருக்காது. பகுதியிலிருந்து தொடங்கினால் சின்னத் தவறுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். முழுமையிலிருந்து தொடங்கினால் அவை உள்ளேயே அடங்கிவிடும்.

இதை உலகத்துக்கே செய்து காட்டிய இடம் நம் பரங்கிமலை. 1802-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் அங்கே பக்கத்திலிருந்த சமதரையில் ஏறக்குறைய ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். இந்தியா முழுவதும் பரவிய பெரிய முக்கோண அளவைக்கு அதுதான் ஆரம்பக் கோடு. நூறு அடி எஃகுச் சங்கிலியைத் தரையில் போடாமல், முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை மட்டமாக வைத்து அதற்குள் கிடத்தி, வெயில் படாமல் கூடாரம் போட்டு, வெப்பமானியில் சூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அளந்தார்கள். அந்த ஒரு கோட்டுக்கு மாதக் கணக்கில் மெனக்கெட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வழியெல்லாம் தூரத்தை அளக்கவே இல்லை, கோணத்தை மட்டும் அளந்து முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக மேற்கே போனார்கள். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாமே. இரண்டு கோணம் தெரிந்தாலே மூன்றாவது தானாகத் தெரியும், இருந்தும் மூன்றாவதையும் போய் அளந்தார்கள். மூன்றையும் கூட்டினால் 180 வருகிறதா என்று பார்க்கத்தான். பெரிய முக்கோணங்களில் பூமியின் வளைவால் 180-ஐவிடத் துளி கூடும், அதையும் கணக்கிட்டுக் கழித்தார்கள்.

அதோடும் நிறுத்தவில்லை. 1804-ல் பெங்களூருக்குப் பக்கத்தில் இன்னொரு கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார்கள். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்தையும் தரையில் அளந்த நீளத்தையும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சில அங்குலம்தான். சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி, கடப்பதற்கு மலையும் காடும் இருந்த காலத்தில்! நான் இதை மாணவர்களிடம் சொல்லும்போது அந்த அங்குலங்களைவிட, எதற்காக அந்த இரண்டாவது கோட்டை அளந்தார்கள் என்பதைத்தான் அழுத்திச் சொல்வேன். கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி மேலே போயிருக்கலாம். போகவில்லை.

தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தியும் இதில் உண்டு. காவிரி டெல்டா தட்டையான ஊர், எங்கே பார்த்தாலும் தென்னையும் பனையும் மறைக்கும், தூரத்துப் புள்ளியைப் பார்க்க மலையே கிடையாது. அதனால் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். 1808-ல் பெரிய கோயில் விமானத்தின் மேல் லாம்டனின் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி, கோணம் பார்க்கும் வட்டத் தகடு நசுங்கிவிட்டது. லாம்டன் அதைத் தூக்கி எறியவில்லை, கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டிச் சரி செய்து மறுபடியும் வேலைக்குக் கொண்டுவந்தார். கிண்டி பொறியியல் கல்லூரி இதற்கும் முன்பு, 1794-ல், ஒரு சர்வே பள்ளியாகத்தான் தொடங்கியது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் பொறியியல் படிப்பே நிலம் அளப்பதில் இருந்துதான் வந்தது.

சரி, நம் கையில் இருக்கிற காகிதத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் நிலம் வைத்திருக்கிற எவரும் எஃப்எம்பி என்கிற புலப்படத்தை ஒரு முறையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். பட்டாவில் பரப்பு இருக்கும், வடிவம் இருக்காது. வடிவம் இருப்பது புலப்படத்தில்தான், இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பழைய படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும், ஒரு லிங்க் 7.92 அங்குலம், நூறு லிங்க் சேர்ந்தால் 66 அடி, அதாவது ஒரு சங்கிலி. பிந்தைய படங்களில் மீட்டர். இதைக் கவனிக்காமல் லிங்க்கை அடி என்று நினைத்துச் சண்டைக்குப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

படத்தில் கல்லுக்குக் கல் குறுக்கே ஒரு கோடு ஓடும், அது ஜி லைன். அதன் மேல் இருக்கும் எண்கள் தொடக்கக் கல்லிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைச் சொல்கின்றன. அங்கிருந்து செங்குத்தாக இடமும் வலமும் வெளியே போகிற சின்னக் கோடுகள் எல்லையின் வளைவு நெளிவைப் பிடிக்கின்றன. எல்லைக்கோட்டின் மேலே எழுதியிருக்கும் நீளம் எஃப் லைன். இங்கேதான் அந்தக் காலத்து அளவர்களின் அறிவு தெரிகிறது: ஜி லைனும் செங்குத்து அளவும் மட்டும் இருந்தாலே படத்தை வரைந்துவிடலாம், எஃப் லைன் நீளம் தேவையே இல்லை, இருந்தாலும் எழுதி வைத்தார்கள். ஜி லைனில் 40 மீட்டரில் ஒரு புள்ளி 12 மீட்டர் வெளியே இருக்கிறது, 70 மீட்டரில் அடுத்தது அதே பக்கம் 28 மீட்டர் வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி லைன் வழியே வித்தியாசம் 30, குறுக்கே வித்தியாசம் 16, பித்தாகரஸ் போட்டால் எல்லைக்கோடு 34. படத்தில் எஃப் லைன் 34.0 என்று இருந்தால் மூன்று எண்ணும் சரி. 43.0 என்று இருந்தால் எங்கோ நகல் எடுக்கும்போது புரண்டிருக்கிறது. நிலத்துக்குப் போகாமலே, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு பேப்பர் பேனாவோடு இதைக் கண்டுபிடிக்கலாம்.

நிலத்தில் இறங்கினால் கல்லைத் தேட வேண்டும். ஒரு கல் கிடைத்ததும் சந்தோஷப்பட்டு அங்கேயிருந்து அளக்க ஆரம்பிக்கக் கூடாது. கல் நகர்ந்திருக்கலாம். டிராக்டர் இடித்திருக்கும், வரப்பு வெட்டியவர் பிடுங்கிப் பக்கத்தில் நட்டிருப்பார், சில இடங்களில் வேண்டுமென்றே நகர்த்தியிருப்பார்கள். குறைந்தது மூன்று கல்லைக் கண்டுபிடித்து அவற்றுக்கிடையே இருக்கிற தூரங்களைப் படத்தோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு ஒத்துப்போய் மூன்றாவது ஒட்டவில்லை என்றால் எது நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். நாலு புலம் தள்ளி முச்சந்திக் கல் இருந்தால் அதுவரை போய்ப் பார்ப்பது நல்லது, மூன்று கிராம எல்லை சேருகிற இடம் என்பதால் அதை யாரும் எளிதில் தொடுவதில்லை. அப்புறம் ஒரு விஷயம்: தனியார் பொறியாளர் அளந்து காட்டுவது உங்கள் தெளிவுக்கு. பக்கத்து நிலத்துக்காரரோடு எல்லைத் தகராறு என்றால் 1923-ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அரசு நில அளவர் வந்து அத்து, அதாவது எல்லை, காட்ட வேண்டும், அதற்குக் கட்டணம் கட்டி மனு போடுங்கள். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கல்லைப் பிடுங்கப் போகாதீர்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் படுக்கை அளவு. உயரம்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிற இடம், ஏனென்றால் கண்ணுக்கு மட்டமாகத் தெரிவது மட்டமாக இருப்பதில்லை. தெருவைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகிற ஊர்களில் வீட்டுத் தளம் எந்த உயரத்தில் என்று முடிவு செய்வது மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வருமா வராதா என்பதையே முடிவு செய்கிறது.

மட்டமாகப் பார்க்க உதவும் ஆட்டோ லெவல் கருவியை நட்டு, பெஞ்ச்மார்க் எனப்படும் உயரம் தெரிந்த ஒரு நிலைப்புள்ளியின் மேல் ஸ்டாஃபை (அளவு குறித்த நீளக் கோலை) நிறுத்திப் பார்க்கிறோம். அதன் உயரம் 100.000 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாஃபில் 1.245 தெரிகிறது, அப்படியென்றால் கருவியின் பார்வைக்கோடு 101.245-ல் இருக்கிறது. ரோட்டு நடுவில் ஸ்டாஃபை வைத்தால் 1.380, எனவே ரோடு 99.865. அடுத்து, கருவியை இடம் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பார்க்கிற ஒரு திருப்புப் புள்ளியில் 1.610, அது 99.635. கருவியைத் தூக்கி மறுபக்கம் வைத்து அதே புள்ளியைத் திரும்பப் பார்த்தால் 0.985, இப்போது பார்வைக்கோடு 100.620. மனையின் பின்மூலையில் 1.520, அதாவது 99.100. ரோட்டைவிட மனையின் பின்பக்கம் முக்கால் மீட்டருக்கு மேல் பள்ளம், தெரிந்துவிட்டது. நிறையப் பேர் இதோடு முக்காலியை மடக்கிவிடுவார்கள்.

மடக்காமல் மறுபடியும் பெஞ்ச்மார்க்கைப் பாருங்கள். 0.622 வந்தால் அதன் உயரம் 99.998 ஆகிறது, தொடங்கியது 100.000. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிற கால் கிலோமீட்டர் சுற்றுக்குச் சாதாரண வேலையில் 12 மில்லிமீட்டர் வரை ஏற்றுக்கொள்வார்கள் (கிலோமீட்டரின் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்கினால் வருவது), ஆகவே இது நல்ல வேலை. பின்பார்வைகளின் (கருவியை நட்டதும் முதலில் படித்த 1.245, 0.985) கூட்டுத்தொகை 2.230, முன்பார்வைகளின் (கருவியை எடுப்பதற்கு முன் கடைசியாகப் படித்த 1.610, 0.622) கூட்டுத்தொகை 2.232, அங்கேயும் அதே இரண்டு மில்லிமீட்டர், ஆக கூட்டல் கழித்தலிலும் தவறில்லை.

ஆனால் இந்தச் சரிபார்ப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை வகுப்பில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரோட்டு நடுவும் மனையின் பின்மூலையும் இடைப்பார்வைகள், பின்பார்வைக்கும் முன்பார்வைக்கும் நடுவே படித்தவை. 1.520-ஐ 1.250 என்று தவறாகப் படித்திருந்தாலும் சுற்று அழகாக மூடும், கூட்டுத்தொகையும் ஒத்துப்போகும், ஏனென்றால் அந்த எண் கூட்டுத்தொகையில் வருவதே இல்லை. நமக்கு உண்மையில் தேவைப்பட்ட உயரமோ அதுதான். அதனால் முக்கியமான புள்ளி எதையும், தளமட்டமோ சம்ப் அடியோ சாக்கடை சேருகிற இடமோ, கருவியை வேறு இடத்தில் நட்டு இன்னொரு முறை படியுங்கள். அல்லது அதையே திருப்புப் புள்ளியாக வைத்துவிடுங்கள்.

கருவியையும் சும்மா நம்பக் கூடாது. 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, நட்டநடுவே லெவலை வைத்து இரண்டையும் படியுங்கள். 1.400, 1.100 என்று வந்தால் வித்தியாசம் 0.300. பார்வைக்கோடு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே தூரம் என்பதால் சாய்வு இரண்டிலும் சமமாக ஏறி, கழிக்கும்போது அடிபட்டுவிடும், எனவே 0.300 உண்மையான வித்தியாசம். இப்போது லெவலை இரண்டாவது முளைக்கு ஒட்டிக் கொண்டுபோய் வைத்துப் படித்தால் அது 1.250 காட்டுகிறது, முதல் முளை 1.550 காட்ட வேண்டும். 1.556 காட்டினால் 60 மீட்டருக்கு 6 மில்லிமீட்டர் சாய்வு, கருவியைச் சர்வீசுக்கு அனுப்புங்கள். அதுவரை வேலை நிற்கக் கூடாதென்றால் முன்னும் பின்னும் சம தூரத்தில் வைத்து ஓட்டலாம். கருவி கோளாறாக இருந்தும் சரியான விடை எடுக்கிற இந்த வழி சர்வேயில் எனக்கு மிகவும் பிடித்தது. மேஸ்திரிகள் வைத்திருக்கும் தண்ணீர் டியூபும் நல்ல கருவிதான், டியூபுக்குள் காற்றுக்குமிழி நிற்காமல் பார்த்துக்கொண்டால் ஒரு வீட்டுக்குள் மட்டம் கொண்டுபோக அது போதும்.

இப்போது ஜிபிஎஸ். போனில் இருப்பது திறந்த வெளியில் சில மீட்டர் தள்ளிக் காட்டும், மனை எல்லைக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். ஓர் அடிப்படை நிலையத்திலிருந்து உடனுக்குடன் திருத்தம் வாங்கும் ஆர்டிகே ரோவர் சென்டிமீட்டர் கணக்கில் தரும், வேகமும் கூட. ஆனால் அது தரும் உயரத்தை அப்படியே பிளானில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. செயற்கைக்கோள் அளப்பது பூமிக்குப் பொதுவாக வைத்திருக்கும் ஒரு கணித வடிவத்திலிருந்து உயரம். நாம் உயரம் என்று சொல்வது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. இந்தியாவில் அதைச் சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகங்களில் அலையேற்றத்தை அளந்து 1909-ல் நிலைநிறுத்தினார்கள். இந்த இரண்டும் உலகிலேயே அதிகமாக விலகுகிற இடம் இலங்கைக்குத் தெற்கே கடலில் இருக்கிறது, சுமார் 106 மீட்டர். நாம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதனால் சென்னைக் கடற்கரையில் நின்று ரோவரைப் பார்த்தால் உயரம் கழித்தல் 80 மீட்டருக்கும் கீழே காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை. அந்தத் திருத்தத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும், சேர்த்த பிறகு பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச்மார்க்கில் ரோவரை வைத்து ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். டோட்டல் ஸ்டேஷனிலும் இதே பழக்கம்தான்: இடம் தெரிந்த பின்புள்ளியைப் பார்த்துக் கோணத்தை மட்டும் வைத்துவிட்டு ஓடாமல் அதன் தூரத்தையும் அளந்து, தெரிந்த தூரத்தோடு ஒப்பிடுங்கள். பிரிசம் மாறிலி (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக்கான திருத்த எண்) தவறாக இருந்தால் அங்கேயே 30 மில்லிமீட்டர் வித்தியாசமாகத் தெரிந்துவிடும்.

சைட்டில் வேலை தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. தற்காலிக பெஞ்ச்மார்க்கை ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டாகப் போடுங்கள், ஒன்று சிறுபாலக் கட்டையிலோ கிணற்று மேடையிலோ அசையாத கான்கிரீட்டில், மற்றது சைட்டின் எதிர்ப்பக்கம். பெயின்ட்டால் உயரத்தை எழுதி, தேதியும் போட்டு, ஃபீல்டு புக்கில் படம் வரைந்துவையுங்கள். ஃபீல்டு புக்கில் தவறாக எழுதியதை ரப்பரால் அழிக்க வேண்டாம், ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே சரியானதை எழுதுங்கள், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து அடித்த எண்தான் சரி என்று தெரியவரும் நாளும் உண்டு. ஜேசிபி ஒரு பெஞ்ச்மார்க்கை இடித்துவிட்டால் மற்றதிலிருந்து வேலையைத் தொடரலாம். இடிக்கவில்லை என்றாலும் ஒவ்வொரு தளம் கான்கிரீட் போடுவதற்கு முன் இரண்டையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டுக்கும் இடையே முதல் நாள் எழுதிய வித்தியாசம் அப்படியே வருகிற வரை லாரியை உள்ளே விட வேண்டாம்.